எந்த ஆம்ப் என்று கேட்டிருந்தாயே

அன்புள்ள தம்பிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உள்பாகங்களை மாற்றிப் பார்க்க எந்தக் கிட்டார் ஆம்ப்ளிஃபையர் வாங்கலாம் என்று கேட்டு நீ அனுப்பிய மூன்று ஆம்ப் படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். இத்தனை நாள் கழித்து வந்த செய்தியில் அது மட்டும்தான் இருந்தது. சரி, கேட்டதற்குச் சொல்கிறேன்.

ப்ளூஸ் ஜூனியர் வேண்டாம். 15 வாட்டுக்குச் சத்தம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சத்தத்தைப் பெருக்கும் கண்ணாடி வால்வுகளின் சாக்கெட்டெல்லாம் பிரிண்டட் போர்டிலேயே உட்கார்ந்திருக்கிறது, சூடு நேரே அதில் இறங்கும். ஒரே இடத்தில் நாலு தரம் ஈயம் வைத்தால் செம்புத் தடம் உரிந்து வந்துவிடும். மாற்றிப் பார்ப்பதற்கென்று வாங்குவது பலமுறை திறந்தாலும் தாங்க வேண்டும்.

பிரின்ஸ்டன் ரிவெர்பில் ஒரு பாகமும் மாறவில்லை என்கிறார்கள். நிஜமென்றால் அதில் கைவைப்பது பாவம், விலையும் இறங்கிவிடும். யாராவது அப்படியே வைத்து வாசிக்கட்டும்.

அந்த 70களின் டீலக்ஸ் ரிவெர்பை எடு. ஸ்பீக்கர், கண்டன்சர் எல்லாம் முன்பே மாற்றியிருப்பதால்தான் விலை குறைவு. உனக்கு அதுதான் வசதி. கையால் வயரிங் செய்த போர்டு, எந்த ரெசிஸ்டரையும் தனியாகக் கழற்றலாம், பிடிக்காவிட்டால் பழையபடி வைக்கலாம். டிரான்ஸ்ஃபார்மர்களை மட்டும் பார். மேலே அச்சிட்ட எண் 606 என்று தொடங்கினால் ஷூமாக்கர் கம்பெனி செய்தது. அடுத்து வருவது வருஷத்தின் கடைசி இலக்கம், பிறகு வாரம். எல்லா டிரான்ஸ்ஃபார்மரும் ஒரே காலத்தவை என்றால் யோசிக்காதே. டோனுக்கு உயிர் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் ஸ்பீக்கரும்தான்.

வாங்கியதும் மாற்றக் கொடுக்காதே. நல்ல வால்வு போட்டு, பயாஸ், அதாவது வால்வில் ஓடும் கரண்டின் அளவு, சரிசெய்து, ஒரு மாதம் வாசி. பாதிக் குறை அதிலேயே போய்விடும். அதன் பிறகும் நடு ஸ்வரம் மெலிந்திருந்தால், டீலக்ஸில் மிட் குமிழ் கிடையாது, அந்த இடத்தில் 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் நிற்கும். அதைக் கூட்டினால் கிட்டாருக்கு உடம்பு வரும். சின்ன வயதில் கடை வாசலில் நின்றே எந்த செட்டில் ஹம் இரைச்சல் என்று சொன்ன காது உனக்கு. என்னிடம் வேலை பழகிய யாருக்கும் அது வாய்க்கவில்லை.

ஆனால் டீலக்ஸின் 22 வாட்டை அங்கே எப்படித் திறந்துவிடுவாய்? வால்யூம் ஏற்றினால்தானே வால்வு பேசும். வீட்டின் பேஸ்மென்ட் என்றால் கவலையில்லை. படத்தில் கிட்டாருக்குப் பின்னால் தெரியும் சுவர் உங்கள் வீட்டுச் சுவராகத் தெரியவில்லை. பாப்பாவின் படங்களும் அதில் இல்லை. அம்மா கேட்டாள், ஒன்றும் சொல்லவில்லை.

நீயே திறக்காதே. தெரிந்த ஆளிடம் கொடு. உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல், பிளக்கைப் பிடுங்கினாலும் கண்டன்சரில் நிற்கும். எப்போதாவது திறந்துதான் ஆக வேண்டுமென்றால் அதை ரெசிஸ்டர் வழியாக சேஸிக்கு, அந்த உலோகச் சட்டத்துக்கு, இறக்கு, மீட்டரில் பூஜ்யம் பார், பிறகும் ஒரு கை பாக்கெட்டிலேயே இருக்கட்டும். இதையெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லைதான். நீ படம் அனுப்பியபோது உங்கள் ஊரில் விடிகாலை மூன்று மணி. அந்த நேரத்தில், தூக்கமில்லாமல், தனியாக அதைத் திறக்காதே. திறக்கவே திறக்காதே.

பாப்பாவின் பிறந்தநாளுக்குக் கூட நீ கூப்பிடவில்லை. அம்மா அன்று முழுக்க போனைக் கையிலேயே வைத்திருந்தாள்.

ஆம்புக்குப் பணம் குறைந்தால் கூச்சப்படாமல் கேள். வேறு எதற்கென்றாலும் கேள். டிக்கெட் எடுத்து நான் வரவேண்டுமென்றால் விசா இன்னும் இருக்கிறது. சம்பந்தி வீட்டிலிருந்து இரண்டு முறை போன் வந்தது, நான் எடுக்கவில்லை. முதலில் நீ சொல்லு, பிறகு பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா