மரத்தடிக்கு வராத பிள்ளை: வெளியுறவு அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இந்திய வெளியுறவு அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். 2015 மே மாதம் ஆஸ்லோவில் வெளியான பாதுகாப்பான பள்ளிகள் அறிவிப்பைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போரே நடந்தாலும் பள்ளிக்கூடத்தைத் தாக்காதே, அதைப் படைமுகாம் ஆக்காதே என்கிறது. 120 நாடுகளுக்கு மேல் ஏற்றுக்கொண்டுவிட்டன. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. சேர்ந்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் புழல் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியை. மேற்கூரைப் பூச்சு உதிர்கிறது என்று போன மாதம் வேலை ஆரம்பித்தார்கள். வராந்தா முழுக்கச் சாரம். அதனால் சத்துணவு வேப்பமரத்தடிக்கு மாறியது. எல்லாப் பிள்ளைகளும் தட்டோடு ஓடிவந்து உட்கார்ந்தார்கள். காவாங்கரை இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வரும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் படிக்கட்டிலேயே நின்றாள். கூப்பிட்டேன், வரவில்லை. அதட்டினேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மூன்று நாள் இதே கதை. நான்காம் நாள் அவள் அம்மா வந்தார்.

"ரீச்சர், பிள்ளையை மரத்துக்குக் கீழ இருத்தாதேங்கோ. நான்தான் அப்பிடிச் சொல்லி வளர்த்தனான்."

அவர் ஊர் நாகர்கோவில். நம் குமரி மாவட்டத்து ஊர் அல்ல, யாழ்ப்பாணம் வடமராட்சி கிழக்கில் இருப்பது. 1995 செப்டம்பர் 22, மதிய இடைவேளை. இலங்கை விமானப்படை குண்டு போட்டபோது பள்ளிப் பிள்ளைகள் மரத்தடியில் இருந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் செத்துப்போனார்கள். அந்த அம்மாவுக்கு அப்போது பத்து வயது. மகள் பிறந்தது புழலில். குண்டு விழுந்து அவள் பார்த்ததே இல்லை. ஆனாலும் மரத்தடியில் அவளுக்குச் சோறு இறங்காது. அவளைத்தான் நான் மூன்று நாள் அதட்டியிருக்கிறேன்.

இதே செப்டம்பர் 22இல்தான், 1914ஆம் ஆண்டு, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் எங்கள் சென்னைத் துறைமுக எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு வீசியது. ஒரே ஒரு ராத்திரி. அதற்கே 'அவன் சரியான எம்டன்' என்று நூறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வருடக்கணக்கில் குண்டு விழுந்த ஊர்க்காரர்கள் எப்போது மறப்பார்கள்?

ஒரு பக்கத்தை மட்டும் சொல்வதாக எண்ண வேண்டாம். வன்னியில் வீட்டுக்கொரு பிள்ளை என்று புலிகள் பிடித்துப்போனதையும் முகாமில் சொல்வார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

இந்த அறிவிப்புக்குச் சட்டக் கட்டாயம்கூடக் கிடையாது. சிறாரைப் போரில் ஈடுபடுத்துவதற்கு எதிரான ஐ.நா. விருப்ப நெறிமுறையை 2005இலேயே ஏற்றுவிட்டோம். சத்தீஸ்கரில் பாதுகாப்புப் படைகள் தங்கியிருந்த பள்ளிகளைக் காலி செய்யும்படி 2011இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அப்புறம் என்ன தயக்கம்? யோகா தினத்துக்கு 2014இல் ஐ.நா.வில் 177 நாடுகளைக் கூட்டுச் சேர்க்க நமக்குத் தெரிந்ததே! ஜூன் 21 வந்தால் அதே வேப்பமரத்தடியில் பாய் விரித்து, பிள்ளைகளை மூச்சை இழுத்து விடச் சொல்லி, நாங்களும் படம் எடுத்து மேலே அனுப்புகிறோம். அந்தப் பெண் அன்றைக்கு லீவு போட்டது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். கேட்பது ஒன்றுதான் ஐயா: பாதுகாப்பான பள்ளிகள் அறிவிப்பில் இந்தியாவும் சேரட்டும். அடுத்த செப்டம்பர் 22க்குள் நடந்தால், முகாமுக்குப் போய் அந்த அம்மாவிடம் நானே சொல்வேன்.

பூச்சு வேலை இன்னும் முடியவில்லை. அவள் இப்போது ஆசிரியர் அறையில், என் மேசையில் சாப்பிடுகிறாள்.

இப்படிக்கு,
புழல் பகுதி அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர்