850 ரூபாய் ஒயினை வேகவைத்து விற்கிறீர்கள்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

பொருள்: உங்கள் புதுச்சேரிக் கடையில் வாங்கிய இரண்டு ஒயின் பாட்டில்கள் கெட்டுப்போயிருந்தது, பணத்தைத் திருப்பித் தர மறுத்தது

வணக்கம்.

போன சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் கடையில் இரண்டு பாட்டில் ஒயின் வாங்கினேன். ஒன்று நாசிக் பக்கம் செய்த ஷெனின் பிளாங், வெள்ளை. இன்னொன்று ஷிராஸ், சிவப்பு. ஒவ்வொன்றும் 850 ரூபாயை ஒட்டிய விலை. இரண்டுமே கெட்டுப்போயிருந்தன. திங்கட்கிழமை திரும்பக் கொண்டுபோய்க் காட்டினால் உங்கள் கவுண்டரில் இருந்த தம்பி முகர்ந்துகூடப் பார்க்காமல், "இந்த விலைக்கு இப்படித்தான் மேடம் இருக்கும், நல்லதா வேணும்னா ரெண்டாயிரத்துக்கு மேல பாருங்க" என்றார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். பணத்தை மட்டும் கேட்பதாக இருந்தால் நாலு வரியில் முடித்திருப்பேன்.

ஏனென்றால் அவர் சொன்னது தப்பு. அந்த ஒயின்களில் ஒரு குறையும் இல்லை. அதே ஷெனின் பிளாங்கை இதே ஊரில் வேறு இடத்தில் வாங்கிக் குடித்திருக்கிறோம், நன்றாகவே இருந்தது. கெடுத்தது உங்கள் கடை.

எப்படி என்று சொல்கிறேன். உங்கள் கடைக்குள் நுழைந்ததும் வலதுபக்கம் ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடிக் குளிர்பெட்டி இருக்கிறது. உள்ளே நீல விளக்கு, கதவின் மேல் 14 என்று டிகிரி காட்டும் எண். அதில் இருப்பதெல்லாம் மூவாயிரம், நாலாயிரம், அதற்கு மேல். ரொம்ப நல்லது, ஒயினை 12லிருந்து 15 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அப்புறம் ஆயிரத்துக்குக் கீழே இருப்பதை எங்கே வைத்திருக்கிறீர்கள்? தெருவைப் பார்த்த கண்ணாடி ஓரத்தில். அது மேற்குப் பார்த்த கண்ணாடி. மதியம் இரண்டு மணிக்குப் பிறகு வெயில் நேராக அந்த ரேக் மேல் விழுகிறது, நான் பாட்டிலைக் கையில் எடுத்தபோதே சுட்டது. ராத்திரி கடையை மூடும்போது ஏசியை அணைத்துவிடுவோம் என்று உங்கள் தம்பியே சொன்னார். கத்திரி வெயிலில் புதுச்சேரி எப்படி இருக்கும் என்று உங்கள் தலைமை அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாவிட்டால், ஒரு மே மாதம் வந்து அந்தக் கண்ணாடி பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

சிவப்பு பாட்டில்களை மரச்சட்டத்தில் அழகாகப் படுக்க வைத்திருக்கிறீர்கள். படுக்க வைப்பது சரிதான், கார்க் காயாமல் இருக்கும். ஆனால் வெயிலில் படுக்க வைத்தால்? சூடு ஏற ஏற உள்ளே ஒயின் விரிந்து கார்க்கை வெளியே தள்ளும், ராத்திரி சூடு இறங்கும்போது சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். தினமும் இதுவே நடந்தால் எந்த ஒயினும் தாங்காது. நான் வாங்கிய ஷிராஸில் மேலே இருந்த ஃபாயிலை உரித்ததும் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. கார்க் பாட்டிலின் வாயைத் தாண்டிக் கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்தது. இழுத்து எடுத்துப் பார்த்தால், அடியில் மட்டும் இருக்க வேண்டிய சிவப்பு ஒரு பக்கமாகக் கோடு போட்டு மேல் விளிம்பு வரைக்கும் ஏறி, அங்கே காய்ந்து கறையாகி இருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் பழ வாசம் இல்லை, மிளகு வாசம் இல்லை, திராட்சையை அடிப்பிடிக்கக் காய்ச்சிய வாசம்தான். கார்க்கைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன், பெரிதாக்கிப் பாருங்கள்.

வெள்ளையின் கதை இன்னும் மோசம். அது திருகு மூடி, அதனால் கசிவு எதுவும் தெரியவில்லை. ஆனால் நிறமில்லாத கண்ணாடி பாட்டிலை, வெளிச்சம் நேராகப் படும் இடத்தில், எத்தனை மாதம் வைத்திருந்தீர்களோ! கிளாஸில் ஊற்றியபோது வெளிர் மஞ்சளாக வர வேண்டியது பழுப்பாக வந்தது. நறுக்கி வைத்து கறுத்துப்போன ஆப்பிளின் வாசம். லேபிளைத் திருப்பிப் பார்த்தால் திராட்சை பறித்த வருடம் போட்டிருக்கிறது, அதற்கு நாலு வயது ஆகியிருக்கிறது. இதைச் சொன்னதற்கு, "ஒயினுக்கு எக்ஸ்பயரி கிடையாது மேடம், பழசானாத்தான் நல்லா இருக்கும்" என்று பதில்.

இந்தப் பேச்சை உங்கள் ஊழியர்கள் எல்லோருக்கும் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள் போல. 10 சதவீதமோ அதற்கு மேலோ ஆல்கஹால் இருக்கும் பானத்தின் லேபிளில் காலாவதி தேதி போட வேண்டிய கட்டாயம் இல்லை, அவ்வளவுதான் விதி. கெடாது என்று விதி சொல்லவில்லை. பழசாகப் பழசாக மெருகேறுவது கொஞ்சம் ஒயின்கள்தான், அவையும் இருட்டில், குளிர்ச்சியில், ஆடாமல் அசையாமல் கிடந்தால்தான். நான் வாங்குவது மாதிரி அன்றாடம் குடிக்கிற வெள்ளை ஒயினைப் பறித்த இரண்டு மூன்று வருடத்துக்குள் குடித்துவிட வேண்டும், எவ்வளவு புதிதாகக் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. நம் நாட்டில் ஒயின் திராட்சையைப் பறிப்பது பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை, அதே வருடமே அந்த வெள்ளை பாட்டிலுக்குள் வந்துவிடும். நாசிக் என்ன ஏழு கடல் தாண்டியா இருக்கிறது? புதிய சரக்கு எடுக்காமல் நாலு வருடப் பழசை விற்றுத் தீர்க்க, ஒன்று வாங்கினால் இன்னொன்று பாதி விலை என்று ஒரு அட்டை வேறு தொங்கவிட்டிருக்கிறீர்கள். அந்தச் சலுகை எதற்கென்று இப்போது புரிகிறது.

எங்கள் வீட்டில் மாமா, அதாவது என் மாமனார், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் சொல்தா என்போமே, அந்த வகை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டோடு ஒரு கிளாஸ், அதற்கு மேல் தொட மாட்டார். தினப்படி ஒயினுக்கு நிறையக் கொடுப்பவன் ஏமாளி என்பது அவர் கட்சி. பிரான்சில் சாதாரணக் குடும்பங்கள் நாலு ஐந்து யூரோ பாட்டிலைத்தான் சாப்பாட்டு மேஜையில் வைக்கிறார்கள், அதைக் கேவலமாக யாரும் நினைப்பதில்லை. அந்த நாலு யூரோ பாட்டில்தான் இங்கே உங்கள் ரேக்கில் இரண்டாயிரம் ரூபாய்க்கு உட்கார்ந்திருக்கிறது. கப்பல் கூலி, இறக்குமதி செய்பவர் லாபம், மொத்த வியாபாரி லாபம், இங்கே கலால், எல்லாவற்றுக்கும் முன்னால் 150 சதவீதச் சுங்கம். 2021 பட்ஜெட்டில் அதை 50 சுங்கம், 100 வேளாண் உள்கட்டமைப்பு வரி என்று பிரித்து எழுதினார்களே தவிர, கூட்டினால் பழைய 150தான். ஆகவே உங்கள் தம்பி கைகாட்டிய அந்த இரண்டாயிரம் ரூபாயில் பெரும்பகுதி வரிக்கும் வழிச்செலவுக்கும் போகிறது, ஒயினுக்குப் போவது கொஞ்சம். அதைவிட நாசிக், அக்லூஜ், நந்தி மலைப் பக்கம் செய்கிற 850 ரூபாய் பாட்டில் எத்தனையோ மேல், ஒழுங்காக வைத்து விற்றால்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். 2022 டிசம்பர் 29 முதல் ஆஸ்திரேலியாவோடு போட்ட ஒப்பந்தத்தின்படி, இறக்குமதி விலை 5 அமெரிக்க டாலருக்கு மேல் உள்ள பாட்டிலுக்குச் சுங்கம் 150 சதவீதத்திலிருந்து 100 ஆகி, அதன் பிறகும் படிப்படியாகக் குறைந்து வருகிறது. 15 டாலருக்கு மேல் உள்ளதற்கு ஆரம்பமே 75. உங்கள் கடையில் ஆஸ்திரேலிய பாட்டில்களின் விலை அப்போதிலிருந்து ஒரு ரூபாய் இறங்கி நான் பார்க்கவில்லை. இறங்கிய வரி எங்கே போனது?

சரி, வாங்கிய கதைக்கு வருகிறேன். அன்று கடலூரிலிருந்து என் நாத்தனார் குடும்பம் வந்திருந்தது. மஞ்சக்குப்பத்தில் இருக்கிறார்கள். இங்கிருந்து ஒரு பாட்டில் கொண்டுபோகலாம் என்றால் சோதனைச் சாவடியில் மாட்டிக்கொள்ள வேண்டும், அதனால் அவர்கள் இங்கே வந்தால்தான் உண்டு. வஞ்சிர வறுவல், இறால் தொக்கு, நாத்தனார் கொண்டுவந்த கடலூர் நண்டு. இந்த மாதிரிக் காரச் சாப்பாட்டுக்கு லேசாக இனிப்பு தட்டுகிற, நன்றாகக் குளிரவைத்த வெள்ளைதான் பொருந்தும், ஷெனின் பிளாங் கேட்டது அதற்காகத்தான். துவர்ப்பு அதிகமான கனத்த சிவப்பை இதோடு குடித்தால் காரம் இன்னும் தூக்கலாக நாக்கைச் சுடும். உங்கள் கடையில் மீன் சாப்பாடு என்று தெளிவாகச் சொன்ன பிறகும் 2,400 ரூபாய்க்கு அப்படியொரு சிவப்பைத்தான் எடுத்து நீட்டினார்கள். விலையைத் தவிர வேறு எதுவும் தெரியாதவர்களை அங்கே நிறுத்தியிருக்கிறீர்கள். அந்தத் தம்பியைக் குறை சொல்லவில்லை, அவர் பாவம் முந்தாநாள் வரை பீர் கேஸ் அடுக்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். கற்றுக்கொடுக்காதது நீங்கள்.

மாமா வெள்ளையை ஒரு வாய் குடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் கிளாஸைத் தள்ளி வைத்தார். ஷிராஸ் கிளாஸை மூக்கோடு நிறுத்திவிட்டு, "இது வெந்துபோச்சும்மா, கடைக்காரன்கிட்டக் கொண்டுபோய்க் குடு" என்றார். கொண்டுவந்தேன். அதற்கு உங்கள் பதில், திறந்த பாட்டிலைத் திரும்ப எடுக்க மாட்டோம்.

இது என்ன நியாயம்? மூடியைத் திறக்காமல் உள்ளே கெட்டிருக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஹோட்டலில் ஒயின் கேட்டால் முதலில் ஒரு மடக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்களே, கெட்டிருந்தால் அங்கேயே சொல்லட்டும் என்றுதானே? இரண்டு பாட்டிலிலும் கழுத்துக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் ஒயின் அப்படியே இருக்கிறது. குடித்துவிட்டுக் காலி பாட்டிலோடு வந்து நிற்கவில்லை. வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் செய்தால் அங்கே இருந்தவர் "உங்க டேஸ்ட்டுக்குப் பிடிக்கலைன்னா நாங்க பொறுப்பில்லை மேடம்" என்றார். பிடிப்பது வேறு, கெடுவது வேறு. பால் பாக்கெட்டை வெயிலில் வைத்து விற்றுவிட்டு, திரிந்துபோய்விட்டது என்று வந்து நிற்பவரிடம் விலை குறைந்த பால் அப்படித்தான் இருக்கும் என்று எந்தக் கடைக்காரராவது சொல்வாரா?

பில்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் ஒயின் 750 என்று மட்டும் அடித்திருக்கிறது, பெயரும் இல்லை, வருடமும் இல்லை. நாளைக்கு நான் எங்கே போய் எதைச் சொன்னாலும், இது எங்கள் பாட்டிலே இல்லை என்று நீங்கள் சொல்லிவிடலாம். அதற்காகத்தான் உங்கள் கடையின் விலைச்சீட்டு ஒட்டியபடியே இரண்டு பாட்டிலையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

எனக்கு வேண்டியது இவைதான். இரண்டு பாட்டிலின் முழுப் பணமும் நான் கட்டிய வழியிலேயே திரும்ப வர வேண்டும். கூப்பன் கொடுக்க வேண்டாம், கூப்பனை வைத்து அதே ரேக்கிலிருந்து இன்னொரு வெந்த பாட்டிலை எடுக்க எனக்கு ஆசை இல்லை. அந்தக் கண்ணாடி ஓர ரேக்கைக் காலி செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் குளிர்பெட்டி வாங்கச் சொல்லவில்லை, பின்னால் இருக்கும் உங்கள் கிடங்கு அறையில் வெயில் படாத சுவர் ஓரமாக மாற்றி, அங்கே மட்டும் ராத்திரியும் ஏசி ஓடினால் போதும். கண்ணாடி ஓரத்தில் அலங்காரத்துக்கு ஏதாவது வேண்டுமென்றால் காலி பாட்டிலை வையுங்கள். நாலு வயதான வெள்ளை ஒயினை சலுகை அட்டை போட்டுத் தள்ளுவதை நிறுத்துங்கள், அப்படி விற்றே ஆக வேண்டும் என்றால் வருடத்தையும் விலைக்குப் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள், தெரிந்து வாங்குபவர் வாங்கட்டும். பில்லில் பெயர் வர வேண்டும். அப்புறம் கெட்ட பாட்டிலைத் திறந்திருந்தாலும் மாற்றித் தருவோம் என்று கடையில் எழுதி ஒட்டுங்கள். மூவாயிரம் ரூபாய் பாட்டில் வாங்குபவருக்கு இதைச் செய்கிறீர்கள் என்று உங்கள் தம்பி வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

பதினைந்து நாள் பார்ப்பேன். அதற்குள் பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் புகார் போகும், அதிலும் தீரவில்லை என்றால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி புதுச்சேரி நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 1,700 ரூபாய்க்காக இவ்வளவு தூரம் போவார்களா என்று நினைக்க வேண்டாம், எனக்கு நேரம் இருக்கிறது, மாமாவுக்கு என்னைவிட அதிகமாகவே இருக்கிறது.

பாட்டில்களைப் பார்க்க ஆள் அனுப்புவதாக இருந்தால் முத்தியால்பேட்டை வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புங்கள். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை வேண்டாம், பெரியவர் தூங்குவார். ஞாயிற்றுக்கிழமை மீன் வந்துவிட்டால் ஃப்ரிட்ஜில் இடம் இருக்காது, அதற்குப் பிறகு பாட்டில்கள் உங்கள் கடை ரேக் மாதிரியே ஜன்னல் ஓரத்தில்தான் நிற்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

இணைப்பு: பில் நகல், கார்க், லேபிள், ரேக் படங்கள்