ஃபார்மட் போடும் முன் ஸ்விட்ச்சைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாதாந்திரப் பராமரிப்புக்காக எந்தெந்தப் பகுதியில் மின்சாரம் நிறுத்தப்படும் என்ற பட்டியலை நாளிதழ்கள் வெளியிடுகின்றன. அந்தப் பகுதிகளில் மின்சாரம் திரும்பிய கையோடு கணினிப் பராமரிப்பாளர்களுக்கு வரும் புகார் ஒன்றுதான்: "சர்வர் போச்சு, மெயில் போகல." உடனே ஒருவர் வந்து சர்வரை ஃபார்மட் போட்டு, அரை நாள் வேலைக்குப் பில் கொடுத்துவிட்டுப் போகிறார். பெரும்பாலான நேரங்களில் அந்தச் சர்வருக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

சிறு அலுவலகங்களில் யூபிஎஸ் சர்வருக்கு மட்டும்தான் இருக்கும். ஃபைபர் மோடமும், கணினிகளைக் கேபிளால் இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியும் நேரடி லைனில் தொங்கும். மின்சாரம் வந்ததும் எல்லாம் ஒன்றாக உயிர் பெறும். ஒவ்வொரு கணினிக்கும் ஐபி முகவரி (வலையமைப்பில் அதன் அடையாள எண்) கொடுக்க வேண்டிய ரூட்டர் தயாராவதற்குள் கணினிகள் எழுந்து, கேட்டுப் பார்த்துக் கிடைக்காமல், தாமாகவே 169.254 என்று தொடங்கும் முகவரியைப் போட்டுக்கொள்ளும். கமாண்ட் பிராம்ப்டில் ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளை கொடுத்து இந்த எண்ணைக் கண்டால், ரூட்டர், ஸ்விட்ச், கேபிள் இம்மூன்றையும் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு முதலில் மோடம், இரண்டு நிமிடம் கழித்து ரூட்டர், பிறகு ஸ்விட்ச், சர்வர், கடைசியில் மற்ற கணினிகள் என்ற வரிசையில் போட்டாலே பாதிப் புகார்கள் தீர்ந்துவிடும். சர்வருக்கு நிலையான ஐபி கொடுத்துவிடுங்கள். அது ரூட்டர் பிறருக்குப் பங்கிடும் எண்களுக்கு வெளியே இருக்கட்டும். மோடமும் எட்டு போர்ட் ஸ்விட்ச்சும் சேர்ந்து 30 வாட்டைத் தாண்டுவது அரிது. அவற்றையும் அதே யூபிஎஸ்ஸில் சொருகுவதற்கு என்ன தயக்கமோ தெரியவில்லை.

அலுவலகம் முழுக்க 192.168.1 வரிசையில் இருக்க, இரண்டு கணினிகள் மட்டும் 192.168.0 என்று காட்டுகின்றனவா? யாரோ வைஃபை எட்டவில்லை என்று வீட்டு ரூட்டர் ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறார்கள். அதுவும் முகவரி பங்கிடத் தொடங்கியிருக்கும். அதன் டிஹெச்சிபியை (முகவரி பங்கிடும் வசதியை) அணைத்து, அதற்கு அலுவலக வரிசையிலேயே யாருக்கும் போகாத ஒரு எண்ணைக் கொடுத்து, வரும் கேபிளை வான் (WAN, வெளி இணைப்பு) போர்ட்டில் இல்லாமல் லேன் (LAN, உள் இணைப்பு) போர்ட்டில் சொருக வேண்டும்.

முகவரி சரியாக இருந்தால் அடுத்து மூன்று பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை). முதலில் ரூட்டருக்கு: பதில் இல்லையென்றால் கோளாறு கட்டடத்துக்குள்ளேயே. அடுத்து கூகுளின் 8.8.8.8: இங்கே நின்றால் இணைய நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். பிறகு ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்கு: எண்ணுக்குப் பதில் வந்து பெயர் மட்டும் எட்டவில்லையென்றால் டிஎன்எஸ் (பெயரை எண்ணாக மாற்றும் சேவை) கோளாறு. இதற்கு இரண்டு நிமிடம் ஆகும். ஃபார்மட் போட அரை நாள். ஸ்விட்ச்சின் எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் வெறிபிடித்தாற்போல் மின்னினால், பெரும்பாலும் ஒரே கேபிளின் இரு முனைகளையும் அதே ஸ்விட்ச்சில் சொருகியிருக்கிறார்கள் என்று பொருள். அலுவலகம் பெருக்கித் துடைத்த மறுநாள் இது அதிகம். ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் விளக்குகள் அடங்குகின்றனவோ அதுதான் குற்றவாளி.

மின்தடைக்கும் மெயிலுக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு, யாரும் பார்க்காத தொடர்பு. மதர்போர்டில் சிஆர்2032 என்ற நாணய அளவு பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்துபோனால், மின்சாரம் போய் வந்ததும் கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று மெயில் மென்பொருள் அலறும். பாஸ்வேர்டை மாற்றியும் மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவியும் பயனில்லை. திரையின் மூலையில் இருக்கும் தேதியை முதலில் பாருங்கள்.

மெயில் விஷயத்தில் "வேலை செய்யவில்லை" என்பது புகாரே அல்ல. வரவில்லையா, போகவில்லையா? எல்லோருக்குமா, சரக்கு வாங்கும் ஒரு பையருக்கு மட்டுமா? யாருக்குமே மெயில் வராவிட்டால் டொமைன் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) புதுப்பிக்காமல் காலாவதியாகியிருக்கிறதா, சர்வரின் டிஸ்க் நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். போகவில்லையென்றால் திரும்பி வந்த மெயிலைத் தயவுசெய்து அழிக்காதீர்கள். காரணம் அதிலேயே எழுதியிருக்கும். 4 என்று தொடங்கும் மூன்றிலக்க எண் தற்காலிகத் தடை, சர்வர் தானே மறுபடி முயலும். 5 என்றால் முடிவான மறுப்பு. 535 பாஸ்வேர்டு தவறு. 552 பெரும்பாலும் அளவு மீறல்: இணைப்புக் கோப்பு மெயிலில் ஏறும்போது மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும், ஆகவே 20 எம்பி பேக்கிங் லிஸ்ட்டும் படங்களும் 25 எம்பி வரம்பில் அடங்காது.

550 வந்தால் பெரும்பாலும் முகவரி தவறு, அல்லது உங்கள் டொமைன் மீது நம்பிக்கை இல்லை. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில், தனக்கு மெயில் அனுப்பும் எல்லோரிடமும் எஸ்பிஎஃப் (டொமைன் பெயரில் எந்தச் சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று டிஎன்எஸ்ஸில் எழுதும் வரி) அல்லது டிகேஐஎம் (மெயிலில் சேரும் டிஜிட்டல் கையொப்பம்) கேட்கிறது. இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, மெயில் சேவையை மாற்றும்போது பழைய எஸ்பிஎஃப் வரியை நீக்காமல் புதியதையும் சேர்ப்பது. ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் வரிதான். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. இரு சேவைகளும் தேவையென்றால் ஒரே வரிக்குள் இரண்டையும் எழுத வேண்டும், அதிலும் டிஎன்எஸ் தேடல்கள் பத்துக்கு மேல் போகக் கூடாது.

யாரும் அனுப்பாத ஆயிரக்கணக்கான மெயில்கள் வரிசையில் நின்றால் அது திருட்டு. பாஸ்வேர்டை மாற்றுவதோடு நிறுத்தாமல், மெயில்களை வெளியே திருப்பிவிடும் விதி ஏதும் ரகசியமாக வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இன்வாய்ஸில் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றிப் பணம் பறிப்பவர்கள் இப்படித்தான் காத்திருப்பார்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். இந்த நிலையில் ஃபார்மட் போடுவது தடயத்தை அழிப்பது. நிறுவனங்கள் லாக் பதிவுகளை (கணினியில் நடந்தவற்றின் குறிப்புகளை) 180 நாள் வைத்திருக்க வேண்டும், இத்தகைய ஊடுருவலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலிலேயே உத்தரவிட்டிருக்கிறது.

கடைசியாக, இணைய நிறுவனங்களுக்கு. அலுவலகத்திலேயே மெயில் சர்வர் வைத்திருப்பவருக்குச் சாதாரண பிராட்பேண்ட் இணைப்பைத் தலையில் கட்டிவிடுகிறார்கள். ரூட்டரின் வான் முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், அது பல வாடிக்கையாளர்கள் பங்கிட்டுக்கொள்ளும் ஐபி. வெளியிலிருந்து மெயில் உள்ளே வராது. மெயில் சர்வர்கள் தமக்குள் மெயில் பரிமாறப் பயன்படுத்தும் 25-ஆம் போர்ட்டும் பெரும்பாலும் அடைத்திருக்கும். நிலையான ஐபியும் அதற்கு ரிவர்ஸ் டிஎன்எஸ் பதிவும் (எண்ணிலிருந்து பெயரைக் காட்டும் பதிவு) வாங்க வேண்டும், அல்லது 587-ஆம் போர்ட் வழியாக வேறொரு மெயில் சேவை மூலம் அனுப்ப வேண்டும். தனி ஐபி உண்டா, 25-ஆம் போர்ட் திறந்திருக்கிறதா என்ற இரண்டு விவரங்களையும் வணிக இணைப்புக்கான விண்ணப்பப் படிவத்திலேயே தமிழில் அச்சிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
கணினி வலையமைப்புப் பராமரிப்பாளர்,
திருப்பூர்.