16 ஆய்வும் மாரடைப்பை எண்ணவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு தங்கள் சுகாதாரப் பக்கத்தில் 'தேங்காயெண்ணெயால் மாரடைப்பு: 16 ஆய்வுகளால் நிரூபணம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். அந்தத் துண்டு இப்போது ஆரையம்பதியில் என் மச்சாள் வீட்டு பிரிட்ஜ் கதவில், கிளினிக் திகதி அட்டைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. 'நிரூபணம்' என்பதற்குக் கீழே சிவப்புக் கோடு வேறு. கொலஸ்ட்ரோல் குளிசையை நிப்பாட்டிவிட்டா. கேட்டால், "எண்ணெயத்தான் உட்டாச்சே, இனிக் குளிசை எதுக்குகா?" என்கிறா. தங்கள் பத்திரிகைக்கு இத்தனை செல்வாக்கு இருப்பதில் மகிழ்ச்சி.

தங்கள் கட்டுரை சொன்ன மெட்டா அனலிசிஸ், அதாவது பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடும் தொகுப்பாய்வு, 2020இல் 'சேர்குலேஷன்' என்ற இருதய மருத்துவ சஞ்சிகையில் வந்தது என்பது தாங்கள் அறியாததல்ல. 16 பரிசோதனைகளைச் சேர்த்து அதில் முக்கியமாகப் பார்த்தது இரத்தக் கொழுப்பை. சோயா, ஒலிவ் போன்ற எண்ணெய்களோடு ஒப்பிடும்போது தேங்காயெண்ணெய் பாவித்தவர்களுக்கு 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்.டி.எல். சராசரியாக டெசிலீற்றருக்கு 10 மில்லிகிராம் அளவில் கூடியிருந்தது. 'நல்ல கொழுப்பு' எனப்படும் எச்.டி.எல்.லும் 4 மில்லிகிராம் கூடியது; அதைத் தங்கள் கட்டுரையாளர் ஏனோ மறந்துவிட்டார். எத்தனை பேருக்கு மாரடைப்பு வந்தது என்று அதில் எண்ணவே இல்லை. எல்.டி.எல். ஏறுவது நல்லதில்லை, எண்ணெயைக் குறையுங்கள் என்று எழுதியிருந்தால் நான் ஏன் பேனை தூக்கப் போகிறேன்?

பல ஆய்வுகளைச் சேர்த்தால் பிழைக்கு இடமே இல்லையாம், அதையும் எழுதியிருந்தார். 7 சிறு ஆய்வுகளைச் சேர்த்து 1991இல் வந்த தொகுப்பாய்வு, மாரடைப்பு நோயாளிக்கு மக்னீசியம் ஏற்றினால் இறப்பு பாதிக்குப் பாதி குறையும் என்றது. 1995இல் 58,000க்கு மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஐசிஸ்-4 என்ற பெரிய ஆய்வில் அந்த மக்னீசியத்தால் பயன் எதுவும் தெரியவில்லை. நல்ல முடிவு வந்த சிறு ஆய்வு அச்சேறும், வராதது மேசை லாச்சிக்குள் கிடக்கும். சேர்ப்பவர் கைக்கு எட்டுவது அச்சேறியதுதானே!

தொகுப்பாய்வோடு எனக்குப் பகையில்லை. பிரசவ விடுதியில் வேலை பார்த்தவள் நான். குறைமாதத்தில் வலி கண்ட தாய்க்கு, பிள்ளையைக் காக்கப் போடும் ஸ்டீரொய்ட் ஊசியின் அருமை தெரியும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் இலச்சினையே அந்த ஊசி பற்றிய ஆய்வுகளின் படம்தான். ஒவ்வோர் ஆய்வும் ஒரு கிடைக்கோடு; தனித்தனியே பார்த்தால் பெரும்பாலானவை 'வித்தியாசம் இல்லை' என்னும் நடுக்கோட்டில் முட்டிக்கொண்டு நிற்கும். எல்லாம் சேர்ந்த முடிவைக் காட்டும் வைர வடிவம் கோட்டைத் தொடாமல், ஊசி பயன் தருகிறது என்ற பக்கம் தள்ளி நிற்கும்.

இன்னொன்று. பதப்படுத்திய இறைச்சி தினமும் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 வீதம் கூடும் என்று 2015இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் முகவரகம் சொன்னபோது, தங்கள் பத்திரிகை 100 பேரில் 18 பேருக்குப் புற்றுநோய் என்று எழுதியது. 100 பேரில் 5 பேருக்கு வருகிற ஊரில் அது 6 பேராகும், அவ்வளவுதான். அதைச் சுட்டிக்காட்டி எழுதினேன். கணக்கை எடுத்துவிட்டு, 'பயனுள்ள கட்டுரை' என்ற என் மரியாதை வார்த்தையை மட்டும் பிரசுரித்தீர்கள். நன்றி. அதே பக்கத்தில் சீனி வருத்தத்தை அடியோடு மாற்றும் பவுடர் விளம்பரம். அந்தப் பவுடருக்கு எத்தனை ஆய்வைச் சேர்த்தார்கள்?

வருகிற ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், 'வைத்தியரைக் கேட்காமல் குளிசையை நிறுத்த வேண்டாம்' என்று ஒரு வரி போடுங்கள். இனித் தொகுப்பாய்வு பற்றி எழுதினால் அது எதை அளந்தது என்றும் சேர்த்து எழுதுங்கள். இடம் போதாவிட்டால் பவுடர் விளம்பரத்தை அரை அங்குலம் சுருக்கலாம்.

ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
கல்லடி, மட்டக்களப்பு.