தடைக்காலத்தில் படகின் மடையையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கரையில் விசைப்படகு ஓடாது. படகைக் கரையேற்றி இன்ஜினைப் பிரிப்பார்கள், பலகை மாற்றுவார்கள், வண்ணம் அடிப்பார்கள். மீன்வளத்துறை ஆய்வும் இந்தச் சமயத்தில்தான் நடக்கும். அக்கரைப்பேட்டையில் 31 வருடமாக ஓடாவியாக, அதாவது படகு கட்டும் தச்சனாக, வேலை செய்கிறேன். தடைக்காலத்தில் என்னிடம் எல்லா வேலைக்கும் ஆள் வருகிறது. படகின் மேல்தளத்தில் ஏறும் தண்ணீரை வெளியேற்றும் வழியான மடையைச் செய்து கொடு என்று மட்டும் இதுவரை யாரும் கேட்டு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2009 கார்த்திகையில், நான் கட்டிய ஒரு படகில் பின்பக்கம் ஒழுகுகிறது என்று உரிமையாளர் சொன்னார். ஓடும்போது பார்த்தால்தான் தெரியும் என்று நானும் கூடவே கடலுக்குப் போனேன். திரும்பும் வழியில் வாடைக்காற்று பிடித்துக்கொண்டது. கடுவையாற்று முகத்துவாரத்தை நெருங்கும்போது பின்னாலிருந்து வந்த அலை ஒன்று அப்படியே தளத்தில் இறங்கியது. முழங்கால் வரை தண்ணீர். பக்கப்பலகை இடுப்பளவு உயரம் என்பதால் தண்ணீர் தொட்டியில் நிற்பதுபோல் நின்றுவிட்டது. படகு இடப்பக்கம் சாய, தண்ணீர் முழுவதும் அந்தப் பக்கம் ஓடியது. படகு நிமிரவே இல்லை. அடுத்த அலை வருவதற்குள் ஒரு தம்பி கோடாலியை எடுத்துப் பக்கப்பலகையில் இரண்டு பலகையை உடைத்தார். தண்ணீர் கொட்டியது, படகு எழுந்தது. ஏழு பேரும் கரை சேர்ந்தோம்.

படகில் தண்ணீர் வடியத் துளை இல்லாமல் இல்லை. என் ஆசான் சொல்லிக் கொடுத்தபடி பக்கத்துக்கு மூன்று, இரண்டு அங்குல அளவில் நானே போட்டிருந்தேன். இறால் வழிந்து போகிறது என்று அதில் சாக்குத்துண்டைத் திணித்து வைத்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அடைக்காமல் இருந்திருந்தாலும் அந்தத் துளைகள் போதியிருக்காது என்பது வீட்டுக்கு வந்து கணக்குப் போட்ட பிறகுதான் புரிந்தது.

14 அடி நீளம், 12 அடி அகலமுள்ள பின்தளத்தில் ஓரடி உயரத்துக்குக் கடல்நீர் நின்றால் எடை ஏறக்குறைய 5 டன். மீன் அறையில் ஐஸோடு கிடக்கும் 5 டன் படகை அழுத்திப் பிடிக்கும். தளத்தின் மேல் கிடக்கும் 5 டன் தண்ணீரோ, படகு சாயும் பக்கமெல்லாம் ஓடி இன்னும் சாய்க்கும். ஆறு துளைகளும் சுத்தமாக இருந்தாலே அந்தத் தண்ணீர் வடிய எட்டொன்பது நிமிடம் ஆகும். மீன் செதிலும் வலை நூலும் பிளாஸ்டிக் பையும் சேர்ந்தால் இன்னும் அதிகம். அலை அதுவரை காத்திருக்காது.

இப்போது நான் போடுவது துளை இல்லை, மடை. பக்கப்பலகையில் தளத்தோடு ஒட்டி, அடியில் விளிம்பே இல்லாமல், இரண்டடி நீளம், ஒன்பது அங்குல உயரம். இப்படி ஒரு மடை, பழைய துளைகளில் 68க்குச் சமம். பக்கத்துக்கு இரண்டு வைத்தால் அதே தண்ணீர் கால் நிமிடத்தில் இறங்கிவிடும். தளம் எங்கே தாழ்ந்திருக்கிறதோ அங்கே வைக்க வேண்டும். வசதிக்காக அணியத்துப் பக்கம், அதாவது படகின் முன்பக்கம், தள்ளி வைத்தால் வீண். பலகைகளைத் தாங்கும் விலா எலும்பு போன்ற வங்குக்கால்களை அறுக்காமல் இரண்டு வங்குக்கு நடுவில் வெட்ட வேண்டும். இறால் போகாமலிருக்க மடை வாயில் சாக்கு வைக்காதீர்கள், மீன் கொட்டும் இடத்தைச் சுற்றித் தனிப் பலகை கட்டுங்கள். அந்தப் பலகைக்கு அடியிலும் இரண்டு விரல் இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் மடைக்கே வந்து சேராது.

மடை வழியாக வெளித்தண்ணீர் உள்ளே வராதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். மேலே கீல் வைத்து, வெளியே மட்டும் திறக்கும் மூடி போட்டால் பெரும்பாலும் வராது. கீலுக்கு எவர்சில்வர் ஊசி போட வேண்டும், சாதா இரும்பு ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்து இறுகிவிடும். மூடிக்குத் தாழ்ப்பாள் வேண்டவே வேண்டாம். மடை எப்போதும் தண்ணீருக்குள்ளேயே கிடக்கிறது என்றால் படகில் பாரம் அதிகம் என்று அர்த்தம்.

பம்பு இருக்கிறதே என்றும் சிலர் சொல்கிறார்கள். அது படகின் அடிவயிற்றில் சேரும் தண்ணீரை இறைக்கத்தான். தளத்துத் தண்ணீருக்கு மடைதான் வழி. மீன் அறை மூடியைத் திறந்து போட்டபடி முகத்துவாரத்துக்குள் வருவதையும் விட்டுவிடுங்கள் என்று டிரைவர் தம்பிகளைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

என் அம்மாவின் ஊர் கீழ்வேளூர் பக்கம். ஐப்பசி மழையில் வயல் மூழ்கினால் தாத்தா ராத்திரியோடு ராத்திரியாக மண்வெட்டியோடு போய் வரப்பை வெட்டி வடிகாலில் தண்ணீரை இறக்குவார். இரண்டு நாள் தண்ணீர் நின்றாலும் பயிர் தாங்கும் என்று தெரிந்தும் தூங்கமாட்டார். டெல்டாவில் பிறந்த நமக்கு வடிகாலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே கவனம் படகின் மேலும் வர வேண்டும்.

மீன்வளத்துறைக்கு ஒரு வேண்டுகோள். தடைக்கால ஆய்வில் படகின் நீளத்தையும் இன்ஜினையும் பார்க்கும்போது மடையின் அளவையும் பாருங்கள், மூடியைக் கையால் தள்ளிப் பாருங்கள். அதற்கு இரண்டு நிமிடம் கூட ஆகாது. 12 முதல் 24 மீட்டர் வரையுள்ள மீன்பிடிப் படகுகளுக்கு ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும், தொழிலாளர் அமைப்பும், கடல்சார் அமைப்பும் சேர்ந்து 2005இல் கொண்டுவந்த வழிகாட்டியே இருக்கிறது. நாகப்பட்டினத்திலேயே மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது, மீன்வளப் பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. அங்குள்ள ஆசிரியர்கள் நம் படகுகளுக்கு ஏற்ற மடை அளவை எளிய தமிழில், படத்தோடு ஒரே தாளில் போட்டுக் கொடுத்தால் ஒவ்வொரு ஓடாவியின் பட்டறையிலும் ஒட்டி வைக்கலாம். நான் இத்தனை வருடம் பட்டுத் தெரிந்துகொண்டதை இளைய ஓடாவிகள் ஒரே நாளில் தெரிந்துகொள்வார்கள்.

அதுவரைக்கும், அக்கரைப்பேட்டையிலோ கீச்சாங்குப்பத்திலோ படகைக் கரையேற்றியிருப்பவர்கள் என்னைக் கூப்பிட்டால் வருகிறேன். எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுக்கிறேன், அதற்குக் கூலி வேண்டாம். வெட்டுவதை உங்கள் ஓடாவியை வைத்தே வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
படகு ஓடாவி,
அக்கரைப்பேட்டை, நாகப்பட்டினம் மாவட்டம்.