உயர்மின் கோபுரமும் நஞ்சை வயலும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சூரிய மின்சாரத்தையும் காற்றாலை மின்சாரத்தையும் நாடுகள் பகிர்ந்துகொள்ளும் ‘ஒரே சூரியன், ஒரே உலகம், ஒரே மின்தொகுப்பு’ திட்டம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். இது வர வேண்டும் என்று விரும்புகிறவன் நான். மன்னார்குடியில் ஆறு மணிக்குப் பொழுது சாயும்போது துபாயில் மணி நாலரைதான், அங்கே இன்னும் வெயில் இருக்கும். கடலுக்கடியில் கேபிள் போடுவதும் புதிதல்ல. நார்வேயும் பிரிட்டனும் 2021 முதல் 720 கிலோமீட்டர் கடல் கேபிளில் மின்சாரத்தைக் கொடுத்து வாங்குகின்றன.

நமக்கும் இதில் பலன் உண்டு. குறுவைக்கு மோட்டார் ஓடும் மாதங்களில்தான் ஆரல்வாய்மொழியில் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கிறது. அந்த மின்சாரத்தை எடுக்க வழியில்லாமல் காற்றாலைகளை நிறுத்திவைத்த காலமும் உண்டு. கரூர் மாவட்டம் புகளூருக்குச் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து 1,765 கிலோமீட்டர் தூரம் வரும் 800 கிலோவோல்ட் நேர்மின் (டி.சி.) பாதை, இங்கே உபரியாகும் காற்று மின்சாரத்தை வடக்கே அனுப்பவும் உதவும்.

சரி, கம்பி யார் வயல் மேல் போகிறது? கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. உயர்மின் கோபுரத்துக்காக நிலத்தைக் கையகப்படுத்துவதில்லை. பட்டா நம் பெயரிலேயே இருக்கும், கோபுரமும் நம் வயலிலேயே நிற்கும். கம்பிக்குக் கீழே நெல் போடலாம், தென்னை வைக்க முடியாது. நடுவயலில் நாலு கால் நின்றால் அறுவடை மெஷின் சுற்றிச் சுற்றித்தான் போக வேண்டும். அந்த வயலை விற்கப் போனால் யாரும் நல்ல விலை கேட்க மாட்டார்கள்.

2024-ல் மத்திய மின்துறை வெளியிட்ட வழிகாட்டுதல், விவசாயிக்குத் தரும் இழப்பீட்டைக் கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதம், கம்பி போகும் பாதைக்கு 30 சதவீதம் என்று உயர்த்தியது. நல்ல மாற்றம்தான். ஆனால் அது ஒருமுறை கொடுப்பதோடு முடிந்துவிடும். கம்பியில் மின்சாரம் ஓடுகிற வரைக்கும் வருடாவருடம் வாடகை தருவதே நியாயம். செல்போன் டவருக்கு வாடகை கொடுக்கிறார்களே!

புகளூரிலிருந்து திருச்சூர் போகும் பாதையில், கேரளத்தின் வடக்கஞ்சேரிக்கு அப்பால் சுமார் 27 கிலோமீட்டரை மண்ணுக்கடியில் கேபிளாகவே கொண்டுபோயிருக்கிறார்கள். செலவு கூடத்தான் செய்யும், ஆனால் முடிகிற காரியம். நாளைக்கு இப்படியொரு பாதை டெல்டா வழியாக வந்தால், சாலையோரமாகக் கேபிள் பதிக்க முடியுமா என்பதை முதலில் பார்க்கட்டும். அளவுக்கல் நடுவதற்கு முன்பே வரைபடத்தைக் கிராம சபையில் வைக்கட்டும்.

உங்கள் அடுத்த கட்டுரையில் இந்தக் கேள்விகளை அதிகாரிகளிடம் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நெல் விவசாயி,
மன்னார்குடி வட்டம்.