அரசியல் அறிவியல் மாணவர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்கள்தான் இதை முக்கியமாகக் கேட்க வேண்டியவர்கள். சரி.

செயற்குழு நான்கு முறை கூடியது, இரண்டு முறை கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை, இல்லை. கருத்தரங்கு, வினாடி வினா, மாதிரி நாடாளுமன்றம் எல்லாம் வழக்கம்போல் நடந்தன.

இனி இன்டர்ன்ஷிப் திட்டம். நான் கொண்டுவந்தது என்பதால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். அரசு அலுவலகங்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் கடிதம் எழுதி, பதில் வராதபோது நேரில் போய்க் காத்திருந்து, 14 இடங்கள் வாங்கினோம். 'வாங்கினோம்' என்பது மரியாதைக்கு. பெயர் கொடுத்தவர்களில் ஆறு பேர் முதல் நாளே எட்டிப் பார்க்கவில்லை. இன்னொருவர் மூன்றாம் நாள் திரும்பிவந்து, "கோப்பு அடுக்கச் சொல்கிறார்கள், இதற்கா அரசியல் படித்தேன்?" என்றார். நவீன அலுவலகம் எழுத்துக் கோப்புகளின் மேல்தான் நிற்கிறது என்று ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் சொன்னதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்தான் அவரும். ஒரு மனு எந்த மேசையில் எத்தனை நாள் தூங்குகிறது, யார் குறிப்பு எழுதினால் நகர்கிறது என்பது அந்தக் கோப்பைப் புரட்டினால்தான் தெரியும். கடைசிவரை இருந்த ஒரு மாணவி அதையே ஆய்வேட்டுத் தலைப்பாக்கிவிட்டார். தொண்டு அமைப்புக்குப் போனவர்கள் வீடு வீடாகக் கணக்கெடுத்து, 'பங்கேற்பு' என்ற நம் சொல்லை வாசலில் நின்று விளக்க முடியாமல் விழித்துவிட்டு வந்தார்கள். அதுவும் படிப்புதான்.

பாதியில் நின்றவர்களால் ஓர் அலுவலகம், இனி உங்கள் மன்றத்து ஆட்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

சம்பளம் இல்லை என்ற குறை நியாயமானதே. ஐ.நா. செயலகத்தின் பயிற்சிக்கே சம்பளம் கிடையாது. வெள்ளை மாளிகை 2022இல்தான் கொடுக்கத் தொடங்கியது. ஐரோப்பிய ஆணையம் தன் 5 மாதப் பயிற்சிக்கு மாதத் தொகை தருகிறது. கையில் காசு இல்லாதவர் இலவசமாக எத்தனை நாள் உழைப்பார்? அதனால்தான் பயணப்படி நிதி ஒன்றை முன்மொழிந்தேன். அது சந்தா பாக்கியில் முட்டி நின்றது.

கணக்கைப் பொறுத்தவரை வரவும் செலவும் ஏறக்குறைய சரி. சிறு பற்றாக்குறையைப் பொருளாளரும் நானும் பார்த்துக்கொண்டோம். ரசீதுகள் அவரிடம் உள்ளன, பெரும்பாலும்.

பரிந்துரைக் கடிதங்களில் முகம் சுளிக்காமல் கையெழுத்திட்ட துறைத் தலைவருக்கும், பயிற்சி அளித்த அலுவலர்களுக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பில் நான் இருப்பேனா, தெரியாது. கடித நகல்கள், தொடர்பு எண்கள் எல்லாம் ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன். கேட்பவருக்கு மகிழ்ச்சியோடு தருவேன். யாரும் கேட்காவிட்டால் வேறு வழியில்லை, நானே வைத்துக்கொள்கிறேன். அப்புறம், சந்தாப் புத்தகமும் இப்போது என் பையில்தான் இருக்கிறது.